பெர்சியா பேரினத்துக்கு என்ன பெயர் வைப்பது: 'ஆனைக்கொய்யா' ஏன் ஒத்துவராது

எல்லாருக்கும் வணக்கம். பெர்சியா, அதாவது அவகேடோ மரம் அடங்கிய பேரினத்துக்கு (நெருங்கிய உறவுள்ள மர இனங்களின் தொகுதிக்கு)த் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் 'ஆனைக்கொய்யா'வுக்குக் கை தூக்குகிறவர்கள் கூடிக்கொண்டே போவதால் இதை எழுதுகிறேன். காதுக்கு நல்ல சொல்தான், மறுக்கவில்லை. பழனி மலையில் எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக்கு நிழலாக நிற்கிற இந்த மரத்தைப் பட்டர் ஃப்ரூட் என்றுதான் சொல்கிறோம், கீழே இறங்குகிற மூட்டைக்கும் அதே பேர்தான். சந்தையில் யார் எப்படிக் கூப்பிட்டாலும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் நாம் தேடுவது பேரினத்துக்கான கலைச்சொல், அது இல்லாத உறவைச் சொல்லக் கூடாது.

கொய்யா மிர்ட்டேசி குடும்பம். நாவலும் கிராம்பும் அதன் சொந்தக்காரர்கள். பட்டர் ஃப்ரூட் லாரேசி, அதாவது கருவாப்பட்டை, கற்பூர மரத்தின் வகையறா. பூவைப் பார்த்தாலே தெரியும். கொய்யாப் பூவில் வெள்ளை மகரந்தத் தாள்கள் எண்ண முடியாத அளவுக்குக் கொத்தாக நிற்கும், காய் பழுத்த பின்னும் நுனியில் புல்லி இதழ் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டர் ஃப்ரூட் பூ மஞ்சள் கலந்த பச்சை, கண்ணில் படாத அளவு சின்னது. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் மகரந்தம் தரும் ஒன்பது தாள்கள், ஒவ்வொன்றின் மகரந்தப் பையிலும் நாலு குட்டிக் கதவுகள், அவை மேல்நோக்கித் திறக்கும். கருவாப்பட்டைப் பூவிலும் இதே கதவு ஏற்பாடுதான், கொய்யாவில் மருந்துக்கும் கிடையாது.

இதே மூச்சில் இன்னொன்று. லாரேசிக்கு 'இலவங்கக் குடும்பம்' என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இலவங்கம் என்றால் பாதிப் பேருக்குக் கிராம்பு, அது திரும்பவும் கொய்யா வீட்டுக்குள்தான் கொண்டுபோய் விடும்! 'கருவாக் குடும்பம்' என்று வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை.

சரி, பேரினத்துக்கு வருவோம். தாவரவியலாளர் மில்லர் 1754இல் பெர்சியாவைத் தனிப் பேரினமாக்கினார். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்த மரத்தை லாரஸ் பேரினத்தில் வைத்திருந்தார். பட்டர் ஃப்ரூட்டின் இன்றைய அறிவியல் பெயரான பெர்சியா அமெரிக்கானா 1768இல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், பழங்காலக் கிரேக்கர்கள் பெர்சியா என்று சொன்னது எகிப்தில் நின்ற ஒரு மரத்தை, அது நம் மகிழ மரத்தின் பங்காளி. ஆக மூலப்பெயரே இரவல். அதை மொழிபெயர்க்க நாம் மெனக்கெட வேண்டாம்.

'வெண்ணெய்ப்பழப் பேரினம்' என்பதே என் முன்மொழிவு. கோத்தகிரியிலிருந்து எழுதிய அக்கா கேட்டது நியாயமான கேள்வி: இந்தப் பேரினத்தில் பல மரங்களுக்குப் பறவை கொத்துகிற அளவுக்குத்தானே பழம், அதில் வெண்ணெய் எங்கே? உண்மைதான் அக்கா. ஆனால் ஆலும் அரசும் அடங்கிய பேரினத்தை அத்தியின் பெயரால் சொல்வதில் நமக்குச் சிரமம் இருந்ததில்லையே. தெரிந்த ஒன்றை வைத்து மற்றதைச் சொல்வது நம் வழக்கம்தான்.

சிக்கல் கோலமாவு என்கிற மரத்தில்தான். நம் மலைச் சோலைகளில் நிற்கிறது, இதன் பட்டைப் பொடியை ஊதுபத்தி மாவில் ஒட்டுப் பசைக்காகச் சேர்ப்பார்கள். பழைய புத்தகங்களில் இது மக்கிலஸ் என்ற வேறொரு பேரினம், நடுவில் பெர்சியா மாக்ராந்தா, மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு இப்போது மறுபடியும் மக்கிலஸ் பக்கம். ஆசிய மரங்களை இப்படிப் பிரித்துவிட்டதால் பெர்சியா பெரும்பாலும் அமெரிக்க மரங்களின் பேரினமாகிவிட்டது. நமக்கு அது வசதி: மக்கிலஸுக்குக் 'கோலமாவுப் பேரினம்', பெர்சியாவுக்கு 'வெண்ணெய்ப்பழப் பேரினம்'. கோலமாவை வெண்ணெய்ப்பழத்துக்குள் திணித்திருந்தால் எந்த மலைக்காரரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

'ஆனைக்கொய்யா'வை அடியோடு தூக்கிவிடச் சொல்லவில்லை. அவகேடோ, பட்டர் ஃப்ரூட் இரண்டோடும் சேர்த்து வழக்குப் பெயர் என்று குறித்துவிடலாம். அப்புறம், சிறுமலைப் பக்கமோ குன்னூர்ப் பக்கமோ கோலமாவுக்கு வேறு பேர் சொல்கிறவர்கள் இருந்தால் எழுதுங்கள், பதிவை மூடுமுன் சேர்த்துவிடுகிறேன்.