உபுண்டுவில் ஒரு பயனரின் விர்ச்சுவல்பாக்ஸ் கணினியை இன்னொரு பயனருக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி (திருப்பூர்)

வணக்கம். அவிநாசி சாலையில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். கணக்குப் பிரிவின் மேசைக் கணினியில் உபுண்டு 22.04 இயங்குதளம் இருக்கிறது, அதில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்கும் நிரல்) வழியாக ஒரு விண்டோஸ் 10 மெய்நிகர் கணினி இயங்குகிறது. டாலி கணக்கு மென்பொருளும், ஜிஎஸ்டி படிவங்களில் கையொப்பமிடும் யூஎஸ்பி டோக்கனும் அதற்குள்தான் வேலை செய்கின்றன. அதைப் பயன்படுத்தி வந்த கணக்காளர் பணியிலிருந்து விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் அம்மையாருக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுத்திருக்கிறேன்.

பழையவரின் கடவுச்சொல்லையே அவரிடம் கொடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்புகளைப் புதிய பயனரின் அடைவுக்கு (ஃபோல்டர்) நகர்த்தி உரிமையை மாற்றினால் மட்டும் போதுமா? ஸ்னாப்ஷாட்டுகள் (அந்தந்த நேரத்தில் சேமித்து வைத்த கணினியின் நிலைகள்) அழியக்கூடாது, விண்டோஸ் மறுபடியும் ஆக்டிவேஷன் (உரிமச் சரிபார்ப்பு) கேட்கவும் கூடாது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், நிதானமாகச் சோதித்துப் பார்க்க நேரமில்லை.

பதில் (கோவை, பீளமேடு)

கடவுச்சொல்லைக் கைமாற்ற வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது மிகவும் சரி. யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்பது பிறகு தெரியாமலே போய்விடும்.

கோப்பின் உரிமையை மாற்றினால் மட்டும் போதாது. நிலத்தைக் கிரயம் செய்துகொண்டவர் பட்டாவிலும் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பது போல, இங்கும் இரண்டு வேலைகள் இருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக ஒரு பதிவேட்டை அவரவர் ஹோம் அடைவில் (சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் வைத்திருக்கிறது. எனவே கோப்பு புதியவருடையதாக மாறினாலும், பழையவரின் பதிவேட்டில்தான் அந்தக் கணினி இருக்கும். புதியவரின் பட்டியலில் தானாக வந்து சேராது.

முதலில் பழையவரின் கணக்கில் நுழைந்து விண்டோஸை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். நிலையைச் சேமித்து மூடும் வசதியைப் பயன்படுத்த வேண்டாம். அந்த நிலையில் பெரும்பாலான அமைப்புகளைத் திருத்த முடியாது. சிடி இயக்கியில் ஐஎஸ்ஓ கோப்பு (சிடியின் நகல்) ஏதேனும் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். உபுண்டுவுக்கும் விண்டோஸுக்கும் பொதுவான பகிர்வு அடைவுகள் பழையவரின் ஹோம் அடைவை முழுப் பாதையோடு சுட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு நீக்குங்கள். பிறகு மெய்நிகர் கணினியின் அடைவு முழுவதையும் வெளி வட்டில் காப்புநகல் எடுங்கள். அந்த வட்டு ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. மெய்நிகர் கணினியின் வட்டாக இருக்கும் விடிஐ கோப்பு நிச்சயம் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

அடுத்து, பட்டியலிலிருந்து கணினியை நீக்குங்கள். இந்த இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா, பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா என்று விர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும். பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் பழையவரை லாக்அவுட் செய்துவிட்டு, நிர்வாகி உரிமையோடு அந்த அடைவை அப்படியே புதியவரின் விர்ச்சுவல்பாக்ஸ் அடைவுக்குள் நகர்த்தி, உள்ளிருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து உரிமையாளரையும் குழுவையும் மாற்றுங்கள். புதியவரின் கணக்கில் நுழைந்து, மெஷின் மெனுவில் உள்ள ஆட் வழியாக விபாக்ஸ் என்று முடியும் அமைப்புக் கோப்பைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

குளோன் (நகல்) செய்யவோ, ஓவிஏ என்ற ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து இறக்கவோ வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்றுமதியில் ஸ்னாப்ஷாட்டுகள் வருவதில்லை; இரண்டு வழிகளிலுமே பிணைய அட்டையின் மேக் முகவரி போன்ற அடையாளங்கள் மாறிவிடலாம். அப்படி மாறினால்தான் விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்க வாய்ப்பு அதிகம். அடைவை அப்படியே நகர்த்தும்போது எந்த அடையாளமும் மாறுவதில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. நீங்கள் சொன்னபடியே செய்தேன். கணினி பட்டியலில் வந்துவிட்டது. ஸ்னாப்ஷாட்டுகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் தொடங்கும்போது, டாலியின் தரவு இருக்கும் இரண்டாவது விடிஐ வட்டை அணுக முடியவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. அமைப்புகளில் பார்த்தால் யூஎஸ்பி சாதனங்களின் பட்டியலும் காலியாக இருக்கிறது. பழையவரின் கணக்கில் டோக்கன் தெரிந்ததே?

பதில் (கோவை, பீளமேடு)

இரண்டுக்கும் காரணம் வெவ்வேறு. மெய்நிகர் கணினியின் அடைவுக்குள்ளேயே இருக்கும் வட்டுகளை விபாக்ஸ் கோப்பு சார்புப் பாதையில் (அந்த அடைவிலிருந்து தொடங்கும் பாதை) குறித்து வைக்கிறது. வெளியே இருப்பவற்றை முழுப் பாதையில் குறிக்கிறது. உங்கள் டாலி வட்டு பழையவரின் ஹோம் அடைவில் வேறோர் இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் அடைவுகளின் அனுமதி 750 ஆக இருப்பதால், பிற பயனர்கள் அதற்குள் நுழையவே முடியாது. அந்த வட்டையும் கணினியின் அடைவுக்கே கொண்டுவந்து உரிமையை மாற்றிவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸுக்கு அதன் புதிய இடத்தைக் காட்டுங்கள்.

யூஎஸ்பிக்கு, புதிய பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் அவர் லாக்அவுட் செய்து மறுபடி உள்நுழைந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

பதில் (ஈரோடு)

தம்பி, இதோடு இரண்டு விஷயங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமைப்புக் கோப்பை உரிமையாளர் மட்டும் படிக்கும்படிதான் விர்ச்சுவல்பாக்ஸ் எழுதுகிறது. குழு அனுமதி கொடுத்தாலும் அடுத்த முறை சேமிக்கும்போது அது நிலைக்காது. இரு கணக்குகளிலிருந்தும் ஒரே வட்டைத் திறக்க நேர்ந்தால் தரவு கெட்டுப்போகக்கூடும்.

இன்னொன்று, டிஜிட்டல் கையொப்பம் தனி நபர் பெயரில் வழங்கப்படுவது. விலகிப்போனவரின் பெயரில் அந்த டோக்கன் இருந்தால், கணினியை மாற்றியதால் மட்டும் அதைப் புதியவர் பயன்படுத்தும் தகுதி வந்துவிடாது. ஜிஎஸ்டி தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரையும் மாற்றியாக வேண்டும்.

கேட்டவர்

டோக்கன் எங்கள் நிர்வாக இயக்குநர் பெயரில்தான் இருக்கிறது, ஐயா. கையொப்பமிடும்போது அவரே வந்து பின் எண்ணை இடுகிறார். இரண்டாவது வட்டையும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன். டாலி திறக்கிறது, டோக்கனும் தெரிகிறது, ஆக்டிவேஷன் எதுவும் கேட்கவில்லை. பழைய பயனர் கணக்கை இப்போது நீக்கிவிடலாமா?

பதில் (ஈரோடு)

உடனே நீக்க வேண்டாம். கடவுச்சொல்லைப் பூட்டி மட்டும் வையுங்கள். யூசர்டெல் கட்டளையை ஹோம் அடைவையும் சேர்த்து அழிக்கும்படி கொடுத்தால், அங்கே விடுபட்டிருக்கும் ஐஎஸ்ஓ, பகிர்வு அடைவு, டாலியின் பழைய காப்புநகல் எல்லாமே போய்விடும். இந்த மாதத் தாக்கல் முடிந்து, புதியவரின் கணக்கிலிருந்து எடுத்த காப்புநகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு நீக்கிக்கொள்ளுங்கள்.