ஆர்லான், ஆர்லாட் அச்சிலிருந்து தஞ்சாவூர்க் கட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

குறுவைக்கணக்கு:
வணக்கம். கார்டெக்ஸ் என்ற வட்டாரக் காலநிலைக் கணிப்புத் திட்டத்தில் தெற்காசியப் பகுதிக்கான 0.44 பாகைக் கோப்பிலிருந்து (ஆர்சிஏ4 என்ற காலநிலை மாதிரி) தஞ்சாவூரின் தினசரி மழையையும் வெப்பநிலையையும் எடுக்க வேண்டும். அச்சுகள் ஆர்லான் (சுழற்றிய தீர்க்கரேகை), ஆர்லாட் (சுழற்றிய அட்சரேகை) என்று இருக்கின்றன. ஆர்லான் −32.12 முதல் 52.36 வரை, ஆர்லாட் −21.56 முதல் 35.20 வரை. தலைப்பகுதியில் வலையின் வட துருவம் அட்சரேகை 79.95, தீர்க்கரேகை −123.34 என்று போட்டிருக்கிறது.

இரண்டு அச்சும் பூஜ்யமாகும் இடம் வடக்கு 10.05, கிழக்கு 56.66 என்று புரிந்துகொண்டு, தஞ்சாவூரின் 10.79, 79.14 இலிருந்து அதைக் கழித்தேன். ஆர்லான் 22.48, ஆர்லாட் 0.74 வந்தது. அதற்கு அருகிலுள்ள கட்டத்தை எடுத்தால் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வித்தியாசமே இல்லாத மாதிரி வருகிறது. எங்கே தவறு? அடுத்து நாகப்பட்டினத்துக்கும் இதையே செய்ய வேண்டும், காற்றும் வேண்டும்.

வெண்ணாறு:
பூஜ்யப் புள்ளியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். தவறு கழித்ததில். சுழற்றிய வலை என்பது இடம் நகர்த்திய வலை அல்ல. உருண்டையையே சாய்த்துவிட்டு அதன்மேல் புதிதாக ரேகைகள் போட்டது. பூஜ்யப் புள்ளிக்குப் பக்கத்தில் கழித்தல் ஏறக்குறைய ஒத்துவரும். அது இருப்பது அரபிக் கடலில். அங்கிருந்து 22 பாகை கிழக்கே வந்தால் பிழை பெரிதாகிவிடும். நீங்கள் எடுத்த கட்டம் (ஆர்லான் 22.44, ஆர்லாட் 0.88) உண்மையில் வடக்கு 10.16, கிழக்கு 79.47 இல் இருக்கிறது. அதாவது அதிராம்பட்டினத்துக்குத் தெற்கே, பாக் நீரிணையில். கடல்மேல் இரவும் பகலும் வெப்பநிலை பெரிதாக மாறாது, அதனால்தான் அந்தத் தொடர்.

சுழற்றிய அச்சிலிருந்து உண்மை அட்சரேகைக்கு:

சைன்(அட்சரேகை) = சைன்(79.95) × சைன்(ஆர்லாட்) + கொசைன்(79.95) × கொசைன்(ஆர்லாட்) × கொசைன்(ஆர்லான்)

தீர்க்கரேகைக்கு இரண்டு துண்டு:

மேல் = சைன்(ஆர்லான்) × கொசைன்(ஆர்லாட்)
கீழ் = சைன்(79.95) × கொசைன்(ஆர்லான்) × கொசைன்(ஆர்லாட்) − கொசைன்(79.95) × சைன்(ஆர்லாட்)
தீர்க்கரேகை = 56.66 + ஆர்க்டான்2(மேல், கீழ்)

56.66 என்பது −123.34 உடன் 180 கூட்டியது. இந்த 180ஐ விட்டுவிட்டால் தஞ்சாவூர் பசிபிக் கடலுக்குள் போய்விடும்.

சரிபார்க்க ஒரு கணக்கு. ஆர்லான் 22.00, ஆர்லாட் 1.32 போடுங்கள். சைன் 0.1844, ஆக அட்சரேகை 10.63. மேல் 0.3745, கீழ் 0.9087, கோணம் 22.40, ஆக தீர்க்கரேகை 79.06. உங்களுக்கும் இதே வந்தால் சூத்திரம் சரியாக ஏறியிருக்கிறது. வராவிட்டால் முதலில் ரேடியனைப் பாருங்கள். பைதானும் எக்ஸெலும் பாகையை நேரடியாக ஏற்காது. அடுத்தது ஆர்க்டான்2. பைதானில் மேல் முதலில், எக்ஸெலில் கீழ் முதலில். இந்த வரிசை மாற்றம் எந்த எச்சரிக்கையும் தராமல் தவறான விடை தரும்.

திருப்பிக் கணக்கிட்டால் தஞ்சாவூர் ஆர்லான் 22.07, ஆர்லாட் 1.49. மிக நெருங்கிய கட்டம் மேலே கணக்கிட்ட 22.00, 1.32 தான். மையம் கந்தர்வகோட்டைப் பக்கம், தஞ்சாவூரிலிருந்து சுமார் 20 கி.மீ. கட்டத்தின் பக்கமே ஏறக்குறைய 49 கி.மீ. என்பதால் இது சரியான கட்டம். முதல் கட்டத்தைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணினால் ஆர்லான் வரிசையில் 123, ஆர்லாட் வரிசையில் 52. சிடிஓ (காலநிலைக் கோப்புகளைக் கையாளும் கட்டளை மென்பொருள்) ஒன்றிலிருந்து எண்ணும், அதில் 124, 53.

குடமுருட்டி:
சூத்திரம் தெரிந்திருப்பது நல்லது, ஆனால் இந்தக் கோப்புக்கு அது தேவையே இல்லை. உள்ளேயே லாட், லான் என்று இரண்டு இரட்டைப் பரிமாண அட்டவணைகள் இருக்கும்: ஒவ்வொரு கட்டத்துக்கும் உண்மையான அட்சரேகை, தீர்க்கரேகை. அவற்றிலிருந்து தஞ்சாவூருக்குத் தூரம் கணக்கிட்டு மிகக் குறைவானதை எடுத்தால் போதும். லாட் அட்டவணையில் ஒரு தடவை, லான் அட்டவணையில் ஒரு தடவை என்று தனித்தனியாகத் தேடக் கூடாது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு கட்டம். சிடிஓவில் ரீமேப்-என்என் கட்டளைக்குத் தீர்க்கரேகை, அட்சரேகை கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மழைக்கு ரீமேப்-பில் வேண்டாம். நான்கு கட்டங்களைக் கலந்து சராசரியாக்குவதால் கனமழை நாட்களின் உச்சம் மழுங்கும், தூறல் நாட்கள் கூடும். வடகிழக்குப் பருவமழையை ஆராய்பவருக்கு அது பெரிய நஷ்டம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 பாகை மழைத் தரவோடு ஒப்பிடுவதானால், நுண்ணிய அந்த வலையை மாதிரியின் கட்டத்துக்குப் பரப்பு விகிதப்படி திரட்டுங்கள். மாதிரியை நுண்ணியதாக்கினால் இல்லாத விவரம் இருப்பதுபோலத் தெரியும்.

நாகப்பட்டினத்தில் வேறு சிக்கல். மிக நெருங்கிய கட்டம் ஆர்லான் 22.88, ஆர்லாட் 1.32. மையம் வடக்கு 10.57, கிழக்கு 79.95, கரையைத் தாண்டிக் கடலில் விழுகிறது. கணக்கு சரியாக இருந்தும் கடல் வெப்பநிலைதான் கிடைக்கும். நிலப்பங்கு கோப்பைத் (எஸ்எஃப்டிஎல்எஃப்) திறந்து அந்தக் கட்டத்தில் நிலம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். குறைவாக இருந்தால் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் மேற்கே, 22.44க்குத் தள்ளிக்கொள்ளுங்கள். அதன் மையம் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே வரும். எந்தக் கட்டம் என்பதை ஆய்வில் எழுதிவிட வேண்டும்.

குறுவைக்கணக்கு:
மிக்க நன்றி. 10.63, 79.06 வந்துவிட்டது. காற்றுக்கு யூ (கிழக்கு நோக்கிய கூறு), வி (வடக்கு நோக்கிய கூறு) இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

வெண்ணாறு:
முதலில் அந்த மாறியின் நிலையான பெயரைப் படியுங்கள். கிழக்கு நோக்கிய காற்று என்றிருந்தால் ஏற்கெனவே உண்மைத் திசைதான், தொடாதீர்கள். எக்ஸ் காற்று, வலைக் கிழக்குக் காற்று என்றிருந்தால் திருப்ப வேண்டும்.

தஞ்சாவூரில் வலையின் வடக்கு, உண்மை வடக்கிலிருந்து 3.83 பாகை கிழக்கே சாய்ந்திருக்கிறது. ஆகவே:

உண்மை யூ = யூ × கொசைன்(3.83) + வி × சைன்(3.83)
உண்மை வி = வி × கொசைன்(3.83) − யூ × சைன்(3.83)

காற்றின் வேகம் மாறாது, திசை மட்டும் மாறும். வினாடிக்கு 10 மீட்டர் வீசினால் குறுக்குக் கூறில் 0.67 மீட்டர் வரை பிழை. இது தஞ்சாவூருக்கான கோணம். இடத்துக்கு இடம் மாறும். முழுப் பகுதிக்கும் செய்வதானால் சிடிஓவின் ரோட்-யூவி-பி கட்டளை கட்டத்துக்குக் கட்டம் கோணம் பார்த்துத் திருப்பும்.

கிரிப் (வானிலைத் தரவுக்கான இன்னொரு கோப்பு வடிவம்) கோப்பு கையில் வந்தால் இன்னொன்று. அதில் வட துருவத்துக்குப் பதில் தென் துருவம் எழுதியிருக்கும். இதே வலை அங்கே −79.95, 56.66 என்று தெரியும். அதை வட துருவமாக நினைத்துப் போட்டால் எல்லாம் தலைகீழ்.

குடமுருட்டி:
ஒப்பிடும்போது நேரத்தையும் பாருங்கள். மாதிரியின் ஒரு நாள் உலக நேரம் 0 மணி முதல், அதாவது நமக்குக் காலை 5.30 முதல் அடுத்த நாள் 5.30 வரை. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்கு முடியும். விடியற்காலை மழை ஒரு நாள் தள்ளிப் பதிவாகலாம். ஐந்து நாள் கூட்டுத்தொகையாக ஒப்பிட்டால் பாதிப்பு குறையும். மழையின் அலகு சதுர மீட்டருக்கு வினாடிக்குக் கிலோகிராம். 86400ஆல் பெருக்கினால் நாளுக்கு மில்லிமீட்டர்.