பத்தாம் வகுப்பில் தவறிய தம்பியைப் பனியன் கம்பெனிக்கு அனுப்பலாமா?

கேள்வி (திருப்பூர் அக்கா):
வணக்கம். பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். தம்பிக்கு 16 வயது. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் போய்விட்டது. "செக்கிங் வேலைக்குப் போறேன், வாரச் சம்பளம் வரும்" என்று நிற்கிறான். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் சரி என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை கையில் காசு பார்த்த பையன் மறுபடி புத்தகம் தொட்டு எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. என்ன செய்யட்டும்?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர்):
முதலில் துணைத்தேர்வு எழுதட்டும் அம்மா. தவறிய பாடங்கள் மட்டும்தான், தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். சிறப்பு வகுப்பு உண்டா என்று தலைமையாசிரியரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். வீட்டிலிருந்து ஒருவர் வந்து நின்றால் அந்தப் பையன்மேல் தனிக் கவனம் விழும்.

பதில் (கோவை வெல்டர்):
அக்கா, ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர், வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸும் உண்டு. முடித்ததும் கம்பெனியில் வேலை பழகும் அப்ரண்டிஸாகப் போகலாம், அதிலும் சம்பளம் வரும். தம்பி அரசுப் பள்ளி என்றால் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

திருப்பூர் அக்கா:
ரொம்ப நன்றி. நாளை லீவு போட்டுப் பள்ளிக்குப் போகிறேன். ஐயா, கணக்கில் எதை முதலில் படிக்கச் சொல்ல?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
வடிவியல் வரைதலும் வரைபடமும். எட்டு எட்டு மதிப்பெண். தினமும் ஒன்று போடட்டும், அப்புறம் அணிகள்.