பைத்தான் எளிது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

கணக்குப்பிள்ளை (தொடக்கப் பதிவு)

நான் நிரலர் இல்லை, கணினிக்கு நிரல் எழுதுவது என் தொழில் இல்லை. ஈரோடு பக்கம் ஒரு நூல் மில்லில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மாதம் முடிந்தால் 38 சிஎஸ்வி கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகள்) வரும். ஒவ்வொன்றாகத் திறந்து, நகலெடுத்து, ஒரே தாளில் ஒட்டிச் சரிபார்க்க இரண்டு நாள் ஆகும். "பைத்தான் படிங்க மாமா, ரொம்ப எளிது, ஒரு வாரம் போதும்" என்றான் அக்கா மகன். கணினிக்கு நிரல் எழுதும் மொழியாம் அது. இந்தக் குழுவிலும் அதையேதான் சொன்னீர்கள்.

நடந்தது இது. பழைய மடிக்கணினியில் உபுண்டு என்ற இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தான். அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற பொதி (பேக்கேஜ்) வேண்டும் என்று, பொதிகளை நிறுவும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையை அடித்தேன். 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று ஒரு பத்தி நீளத்துக்குப் பிழைச்செய்தி. தேடிப் பார்த்தால், கட்டளையின் கடைசியில் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று சேர்த்து அடி என்கிறது ஒரு பதில். சிஸ்டத்தை உடைப்பதா? எனக்குக் கை வரவில்லை.

எப்படியோ பாண்டாஸை நிறுவி, ஒருவழியாக மூன்று வாரத்தில் 38 கோப்புகளையும் சேர்த்துவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து மேனேஜரிடம் காட்டினேன். "இந்தக் கணக்கு எண்ணில் முன்னால் இருந்த சுழி எங்கே?" என்றார். சுழியில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் மொட்டையாகி நின்றன. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் சம்பளம் போய்ச் சேர்ந்திருக்காது.

இங்கே வந்து கேட்டேன். முதல் பதில்: "ஆவணத்தைப் படிக்கவும்." இரண்டாவது பதில்: "எளிதான விஷயம்தானே." அந்தத் 'தானே'தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. கடினம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் தடுக்கி விழும்போது மொழியைத் திட்டியிருப்பேன். எளிது என்று சொன்னதால் என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

பாம்பாட்டி

அண்ணா, 14 வருடம் இந்த மொழியில்தான் சாப்பிடுகிறேன், அதனால் கொஞ்சம் பரிந்து பேசுவேன். கோபிக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட பைத்தான் மொழியின் குற்றம் இல்லை. முதலாவது, இயங்குதளம் போட்ட பூட்டு. உபுண்டு, டெபியன் என்ற இரண்டு இயங்குதளங்களிலும் கணினியின் சொந்த வேலைகள் பலவும் பைத்தானில்தான் நடக்கின்றன. நாம் பிப் வைத்து அதே இடத்தில் எதையாவது நிறுவினால் அவை படுத்துவிடலாம். அதனால் 2023இல் வந்த டெபியன் 12 முதல் தனி அறை ஒன்றை, அதாவது வெர்ச்சுவல் என்விரான்மென்டை, உருவாக்கி அதற்குள் நிறுவச் சொல்கிறார்கள். இரண்டாவது, பாண்டாஸ் செய்த ஊகம். எண் மாதிரி இருந்ததால் எண் என்று நினைத்து, முன்னால் இருந்த சுழியை விட்டுவிட்டது. எக்செல்லில் சிஎஸ்வியை நேராகத் திறந்தாலும் அதே சுழி அப்படியேதான் போகும். மூன்றாவது, எங்களைப் போன்ற ஆட்களின் வாய்.

மொழி எளிதாக இருக்க வேண்டும் என்று நினைத்தே செய்ததுதான். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் கைடோ வான் ராசம் இதைத் தொடங்கும் முன் ஏபிசி என்ற மொழியில் வேலை பார்த்தவர். நிரலர் அல்லாதவர்களுக்கென்றே உருவான மொழி அது. இன்டென்டேஷன், அதாவது வரியின் தொடக்கத்தில் இடம் விட்டு எழுதும் முறை, அங்கிருந்து வந்ததுதான். 1999இல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பிடம் நிதி கேட்டு அவர் அனுப்பிய திட்டத்தின் தலைப்பே 'எல்லோருக்கும் நிரலாக்கம்'. இதை எளிது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கணக்குப்பிள்ளை

தம்பி, சோற்றில் கல் கடிபட்டால் அரிசி வேறு கல் வேறு என்று பிரித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பல் எனக்குப் போனது.

எக்செல்லில் சுழி போகும் என்பது எனக்கு 20 வருடமாகத் தெரியும். அதனால்தான் அங்கே டேட்டா மெனுவில் போய், அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு எடுப்பேன். இங்கே மாற்ற ஒரு இடம் இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை. அப்புறம், அந்தத் தனி அறை. உருவாக்கப் பார்த்தேன். அதற்கு உபுண்டுவில் இன்னொரு பொதியைத் தனியாக நிறுவு என்றது. அறை கட்ட ஒரு அறை.

வாத்தியார்

நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். எளிது என்று சொல்வது பொய் மட்டும் இல்லை, பாடத்திட்டத்தையே கெடுத்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் முதல் செமஸ்டருக்கே பைத்தான் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் சி மொழி. நினைவகம் என்றால் என்ன, முகவரி என்றால் என்ன என்று முதலில் தெரியும், அப்புறம்தான் மற்றது.

போன வாரம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு ஃபங்ஷனின் முதல் வரியை எழுதினேன்:

டெஃப் சேர்(பெயர், பட்டியல்=[]):

பட்டியல் எதுவும் கொடுக்காவிட்டால் வெற்றுப் பட்டியலை எடுத்துக்கொள் என்று அர்த்தம். உள்ளே இரண்டே வரி. பட்டியலில் பெயரைச் சேர், பட்டியலைத் திருப்பிக் கொடு. முதலில் கமலாவை அனுப்பினால் கமலா மட்டும் வருகிறாள். அடுத்து ரவியை அனுப்பினால் என்ன வரும் என்று கேட்டேன். வகுப்பே "ரவி" என்றது. ஓட்டிக் காட்டினால் கமலாவும் ரவியும் சேர்ந்து வருகிறார்கள். "சார், பேய்" என்றான் கடைசி பெஞ்சு.

பேய் இல்லை. அந்த வெற்றுப் பட்டியல், டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறை உருவாகிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக வருவதில்லை. சி படித்தவனுக்கு இதை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். எடுத்த எடுப்பில் பைத்தானுக்கு வந்தவனுக்கு எங்கிருந்து தொடங்குவது? திரைக்குப் பின்னால் நடப்பதை மறைத்துவிட்டு மேடை அழகாக இருக்கிறது என்கிறோம்.

மூன்றாம் செமஸ்டர்

சார், மன்னிக்கணும். என் அண்ணன் சி படித்தவன். முதல் மாதம் முழுக்க, உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்பில் 'அண்ட்' குறி விட்டுப் போனதைத் தேடியே கழிந்தது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒரே வரிப் பிழைச்செய்தி, எங்கே எதற்கு என்று ஒன்றும் இருக்காது. அவன் நினைவகம் புரிந்துகொள்ளவில்லை. பயந்து மெக்கானிக்கலுக்கு மாறினான்.

நான் 12ஆம் வகுப்பிலேயே பைத்தான் படித்தேன், நம் மாநிலப் பாடநூலில்தான். ஆனால் கடினம் எங்கே என்று நீங்கள் இருவருமே தப்பாகச் சொல்கிறீர்கள். ரெக்கார்டு நோட்டில் வலது பக்கம் பேனாவால் நிரல், இடது பக்கம் பென்சிலால் அவுட்புட். இன்டென்டேஷன் நேராக வர வேண்டும் என்று ஸ்கேல் வைத்து நான்கு இடைவெளி அளந்து எழுதினோம். கணினி முன்னால் உட்கார்ந்தது வாரம் ஒரு மணி நேரம், அதுவும் இரண்டு பேருக்கு ஒன்று.

இப்போது கல்லூரி லேபில் இருப்பது பைத்தானின் பழைய 3.6 பதிப்பு. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால், அடுத்த வரியைக் காட்டி 'இன்வாலிட் சின்டாக்ஸ்' (எழுதிய முறை தவறு) என்கிறது. அந்த வரியில் ஒரு தப்பும் இருக்காது. அரைமணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு இருப்போம். வீட்டில் அதே நிரலைப் புதிய பதிப்பில் ஓட்டினால், இந்த இடத்தில் திறந்த அடைப்பு மூடப்படவில்லை என்று விரல் வைத்துக் காட்டுகிறது. 2021இல் வந்த 3.10இலேயே இதைச் சரிசெய்துவிட்டார்கள். அதாவது, மொழி எளிதாகிக்கொண்டே வருகிறது, எங்கள் லேபுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொன்று. எதையும் செய்ய கண்ணுக்குத் தெரிகிற ஒரே வழி இருந்தால் நல்லது என்பது பைத்தானின் கொள்கைகளில் ஒன்று. ஒரு சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) பெயரை நுழைக்க, புத்தகத்தில் ஃபார்மேட், எங்கள் மிஸ் சதவீதக் குறி, யூடியூபில் எஃப்-ஸ்ட்ரிங். எது 'ஒரே வழி'?

பதில்சொல்லி

'ஆவணத்தைப் படிக்கவும்' என்று கணக்குப்பிள்ளைக்கு எழுதியது நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை.

என் பக்கத்தையும் கேளுங்கள். எட்டு வருடமாக வேலை முடிந்து இரவு பத்து மணிக்குமேல் இங்கே பதில் எழுதுகிறேன், காசு கிடையாது. வருகிற கேள்வியில் பாதி, திரையை மொபைலில் எடுத்த படம். மின்விசிறியின் நிழல்கூட அதில் தெரியும், பிழைச்செய்தியின் கடைசி வரி தெரியாது. அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது! "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுகிறார்கள். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன மருந்து கொடுப்பார்?

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஏஐ எழுதிக் கொடுத்ததை ஒட்டிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கேட்பது. போன மாதம் ஒருவர் கொண்டுவந்த நிரலில் இருந்த பேக்கேஜ் உலகத்திலேயே கிடையாது. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைப்பியில் யார் வேண்டுமானாலும் ஏற்கெனவே யாரும் எடுக்காத பெயரில் பேக்கேஜ் ஏற்றலாம், முன்கூட்டியே யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அப்படி ஏஐ கற்பனை செய்த பெயரில் ஒரு திருடன் கடை விரித்தால், நீங்கள் பிப் அடித்த நொடியில் வீட்டுக்குள் வந்துவிடுவான். நிரலர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி பதில்களுக்குத் தடை போட்டதற்குக் காரணமும் இதே ரகம்தான். பார்க்கச் சரி மாதிரியே இருக்கும், தப்பாக இருக்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கணக்குப்பிள்ளையின் கேள்வியை இன்று திரும்பப் படித்தேன். பிழைச்செய்தி முழுதாக இருந்தது, என்ன செய்தார், என்ன எதிர்பார்த்தார், எல்லாம் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

எழுத்தெண்ணி

தமிழ் உரைகளோடு மல்லுக்கட்டுகிற எனக்கும் ஒரு கல் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்னும். பைத்தானிடம் நீளம் சொல்லும் லென் போட்டுக் கேளுங்கள், ஐந்து என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. பழைய பைத்தான் 2இல் சாதாரண சரமாகக் கொடுத்தால் பைட்டுகளை (கணினிச் சேமிப்பின் சிறு அலகுகளை) எண்ணி 15 என்று சொல்லும், அதற்கு இது தேவலை. அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து, உட்கார மெய் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்.

வரிசைப்படுத்தினாலும் இதே கதை. 'அழகு' முதலில், 'அவன்' பின்னால் என்று வைக்கும். நம் அகராதியில் வகரத்துக்குப் பிறகுதானே ழகரம்? 'ஓப்பன் தமிழ்' என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, அது மூன்று என்று சரியாக எண்ணும். ஆனால் அப்படி ஒன்று தேவை என்று தெரிவதற்கு முன்பே பாதிப் பேர் "நம் நிரலில்தான் ஏதோ தப்பு" என்று இரண்டு நாள் தேடியிருப்பார்கள். நான் தேடினேன்.

பாம்பாட்டி

அது பைத்தான் இல்லை நண்பரே, யூனிகோடு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரம். குறியீட்டு எண்ணில் ழ முன்னால், வ பின்னால். ஜாவா மொழியில் வரிசைப்படுத்தினாலும் சாதாரணமாக அப்படித்தான் வரும்.

கணக்குப்பிள்ளை

மறுபடியும் கல் வேறு, அரிசி வேறு!

பாம்பாட்டி

சரி, சரி. சிரித்துவிட்டேன்.

ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். "பைத்தான் கடினம், மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்" என்று உங்கள் அக்கா மகன் சொல்லியிருந்தால் தொடங்கியிருப்பீர்களா? வாத்தியார் சாருக்கும் இதே கேள்விதான். சி படித்துவிட்டு வா என்றால் 22 வருடம் கணக்கு எழுதிய மனிதர் வருவாரா? அவருக்கு நினைவக முகவரி வேண்டாம், 38 கோப்பு ஒன்றாக வேண்டும்.

வாத்தியார்

அவருக்கு வேண்டாம். என் மாணவர்களுக்கு வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைச் சொல்வதுதான் என் புகார். (3.6 விஷயமாக எங்கள் துறைத் தலைவரிடம் இன்று பேசினேன். "ஓடுவதை ஏன் தொடுகிறீர்கள்" என்கிறார். பார்ப்போம்.)

பதில்சொல்லி

கணக்குப்பிள்ளை அண்ணா, அன்றைக்கு எழுதியிருக்க வேண்டிய பதில் இது. தனி அறைக்கான பொதியை ஒரே ஒரு முறை நிறுவிவிடுங்கள், அது வழக்கமான வேலைதான், எதுவும் உடையாது. அறையை உருவாக்கி, 'ஆக்டிவேட்' செய்தபின் பிப் அடியுங்கள். கட்டளை வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குள் அறையின் பெயர் வந்தால் உள்ளே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். புதிதாக டெர்மினல் (கட்டளை அடிக்கும் சாளரம்) திறந்தால் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும், எல்லோரும் இங்கேதான் வழுக்குவார்கள். அப்புறம் பாண்டாஸில் கோப்பைப் படிக்க ரீட் சிஎஸ்வி அழைக்கும் இடத்தில், 'டீடைப்' என்று போட்டு, கணக்கு எண் நெடுவரிசைக்கு 'எஸ்டிஆர்' என்று கொடுங்கள். உங்கள் எக்செல் மெனுவில் இருக்கிற அதே டெக்ஸ்ட்தான் அது. சேர்த்து முடித்ததும் சுழியில் தொடங்கும் எண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பழைய தாளோடு ஒத்துப்போனால்தான் மேனேஜரிடம் போங்கள்.

கணக்குப்பிள்ளை (இரண்டு நாள் கழித்து)

சுழிகள் திரும்பி வந்துவிட்டன. எண்ணிப் பார்த்தேன், பழைய தாளோடு ஒன்றுகூடக் குறையவில்லை. 38 கோப்பும் சேர, நான் டீ கிளாஸைக் கையில் எடுத்துக் கீழே வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. நம்ப முடியாமல் மறுபடி ஓட்டினேன்.

உற்சாகத்தில் ஊழியர் பட்டியலையும் பெயர் வரிசைப்படி அடுக்கச் சொன்னேன். எங்கள் மேனேஜர் பெயர் அபிராமி. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் அனிதா. காலம் காலமாக அபிராமி மேடம் பெயர் மேலே, அனிதா பெயர் கடைசிப் பக்கம் பார்த்து இருக்கும். பைத்தான் அனிதாவை மேலே ஏற்றி, மேடத்தைக் கீழே இறக்கிவிட்டது. மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

பாம்பாட்டித் தம்பி, இப்போது இது அரிசியா, கல்லா?

பாம்பாட்டி

அண்ணா, அது பைத்தான் இல்லை, யூனி...

சரி, எழுதவில்லை. கோப்பை அனுப்புங்கள். கணக்கு எண்களை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.