அறுபது பேருக்கு மெக்சிகோ சாப்பாடும் பானைக் காப்பியும்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல், கோலாலம்பூர்

எங்கள் அடுக்குமாடியில் மலேசிய தினம் வந்தால் கீழ் மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஆண்டுக்கு ஒரு மாடி சமையல் பொறுப்பு. போன ஆண்டு எங்கள் முறை. மீகூன் கோரேங்கும் நாசி லெமாக்கும் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த நேரத்தில், எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் மெக்சிகோ பெண் ஒரு சேதி சொன்னார். செப்டம்பர் 16 அவர்களுக்குச் சுதந்திர நாளாம். 1810-இல் அன்று விடியற்காலையில் மிகேல் இடால்கோ என்ற பாதிரியார் டோலோரஸ் ஊர்த் தேவாலய மணியை அடித்துச் சனங்களைத் திரட்டினார். ஸ்பெயினுக்கு எதிரான போராட்டம் அங்கிருந்துதான் கிளம்பியது. மலேசியா உருவானதும் அதே தேதியில்தான், 1963-இல். அப்புறம் வேறு யோசனை எதற்கு?

அவர் புயேப்லா ஊர்க்காரர். அந்த ஊர்ச் சாப்பாடு திங்கா. கோழியை வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, நிறைய வெங்காயம், தக்காளி, சிபோட்லே மிளகாய் சேர்த்துச் சுண்ட வதக்குவது. சிபோட்லே என்பது நன்றாகப் பழுத்த ஹலபேன்யோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது. பெரிய பேரங்காடிகளில் டின்னில் கிடைக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். இரண்டு டின்னோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்குக் காஷ்மீர் மிளகாயை லேசாக வறுத்து ஊறவைத்து அரைத்தோம். புகை வாசத்துக்குச் சின்னக் கிண்ணத்தில் கங்கு வைத்து, ஒரு சொட்டு நெய்விட்டு, சட்டிக்குள் இறக்கிப் பத்து நிமிடம் மூடிவைத்தோம். மூடியைத் திறந்ததும் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார்.

எலும்பில்லாக் கோழி 5 கிலோ, தக்காளி 5 கிலோ, வெங்காயம் 3 கிலோ. கோழியை மட்டும் கீழ்த்தளத்து மலாய் அக்கா ஹலால் கடையில் வாங்கி, தன் வீட்டுச் சட்டியிலேயே வேகவைத்து எடுத்து வந்தார். மரக்கறிக்காரர்களுக்கு அதே மசாலாவில் பலா மூசு, தனி அடுப்பில். பலா மூசும் பிய்த்தால் கோழி மாதிரியே நார் நாராக வரும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கறி மசாலாத் தூள் ஒரு கரண்டி போட்டால்தான் எடுக்கும் என்று அடுப்படியில் ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். நான் விடவில்லை. அதைப் போட்டால் பிறகு சப்பாத்திக்குள் கோழிப் பிரட்டல்தான் இருக்கும். சீரகம்கூட அரைக் கரண்டிதான். கூட்டத்துக்குச் சமைக்கும்போது கை தானாகப் பழகிய டப்பாவுக்குத்தான் போகும், அதனால் மசாலா டப்பாக்களை முன்கூட்டியே எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

நான் தவறியது, திங்காவை வைத்துச் சாப்பிடும் தோர்த்தியா ரொட்டிக்கான மாவில். சோள மாவுதானே என்று கடையில் கண்ட வெள்ளை மாவை வாங்கி வந்து தண்ணீர் விட்டால், கஞ்சிப்பசை மாதிரி விரலிடுக்கில் வழிகிறது! அது வெறும் ஸ்டார்ச். தோர்த்தியாவுக்கு வேண்டியது மாசா அரினா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலைக் கழுவி அரைத்துக் காயவைத்த மாவு. அந்தச் சுண்ணாம்புதான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. சோளத்தில் உள்ள நியாசின் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதும் அதனால்தான். சோளம் மட்டும் கடல் கடந்து போய், இந்தச் சுண்ணாம்பு முறை உடன் போகாத ஊர்களில், அந்தச் சத்து இல்லாமல் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. 81 வயது மாமியார் அந்த மாவை முகர்ந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, வெத்தலைப் பொட்டி வாடை அடிக்குது?” என்றார். அறிவியல் விளக்கம் எதுவும் தெரியாமல் மூக்காலேயே பிடித்துவிட்டார்.

மாசா அரினாவில் அறுபதுதான் தட்டினோம், பூரி அழுத்தும் கட்டையில் பிளாஸ்டிக் தாள் விரித்து. மிச்சம் 120-க்கும் சின்னச் சின்னச் சப்பாத்தி. அது குறை இல்லை, வட மெக்சிகோவில் கோதுமைத் தோர்த்தியாதான் வீட்டுச் சாப்பாடு.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அக்கா, நீங்கள் பருப்பு வகையைத் தொடவில்லையே. மெக்சிகோக்காரர்களுக்கு அவரை விதை இல்லாமல் விருந்து ஏது? நான் இளைஞர் முகாமில் 80 பேருக்குச் சிவப்பு ராஜ்மா சமைத்தவன். சமைத்தது நன்றாகத்தான் இருந்தது. இரவு பத்து மணிக்கு இறக்கினோம், காலையில் பரிமாறலாம் என்று சூடாக இருக்கும்போதே அண்டாவை இறுக்கி மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் மேலே நுரை, புளித்த வாடை. 4 கிலோ ராஜ்மா, வேகவைத்தால் 10 கிலோ, அத்தனையும் குப்பைக்குப் போனது. பசியோடு வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரிய அண்டாவின் நடுப்பகுதி விடியும்வரை ஆறாது. தட்டையான தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, உடனே குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் அன்றைக்குக் காலையிலேயே எழுந்து சமையுங்கள். இன்னொன்று, சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் அதில் உள்ள நச்சு வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டியை மட்டும் நம்பாதீர்கள்.

புக்கிட் மெர்த்தாஜாம்

குவாக்கமோலே செய்ய வெண்ணெய்ப்பழம் வாங்கிக் கட்டுப்படியாகாது, அறுத்து வைத்தால் கறுத்தும் போகும். நாங்கள் மாங்காய், அன்னாசி, வெள்ளரி, செங்குவாங் கிழங்கு நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூளும் உப்பும் தூவி வைத்தோம். மெக்சிகோத் தெருக்களில் பழத்தை இப்படித்தான் விற்கிறார்கள். செங்குவாங்கே அவர்கள் மண்ணில் பிறந்ததுதான், அங்கே பெயர் ஹிக்காமா. பள்ளி வாசலில் மிளகாய்த்தூள் மாங்காய் தின்று வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் காலியானது அந்தத் தட்டுதான்.

பிரிக்பீல்ட்ஸ்

செந்தூல் அக்கா, தலைப்பில் காப்பி என்று போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்களே? என்ன தூள், எவ்வளவு?

செந்தூல், கோலாலம்பூர்

மன்னியுங்கள் தம்பி, மாவுக் கதையில் காப்பியை மறந்துவிட்டேன். காஃபே தே ஓயா என்றால் மண்பானைக் காப்பி. அங்கே பிலோன்சியோ என்ற அச்சுவெல்லம் போடுவார்கள், நான் கூலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் போட்டேன். தண்ணீர் 9 லிட்டர், வெல்லம் 800 கிராம், பட்டை 9 துண்டு, கிராம்பு ஏழெட்டு, ஓர் ஆரஞ்சின் தோல். எல்லாம் கொதித்துக் கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, கொரகொரப்பாக அரைத்த காப்பித்தூள் அரைக் கிலோவைக் கொட்டி மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் துணியில் வடித்துவிட வேண்டும். தூளோடு சேர்த்துக் கொதித்தால் கசந்துவிடும்.

முதலில் கோப்பித்தியாம் காப்பிக்கடைத் தூளில்தான் போட்டுப் பார்த்தேன். அது சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்த தூள், அதன் கருகல் வாசத்தில் பட்டை அமுங்கிப்போனது. எதுவும் சேர்க்காமல் இளவறுப்பாக வறுத்த கொட்டைதான் சரி. பட்டையிலும் கவனம் வேண்டும். கட்டியாக, ஒற்றைச் சுருளாக இருப்பது வேறு. இவர்கள் கனேலா என்பது இலங்கைப் பட்டை, சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்கடுக்காக, விரலால் நசுக்கினாலே நொறுங்கும். இலங்கைப் பட்டையை உலகத்திலேயே அதிகமாக வாங்குவது மெக்சிகோதான்.

ஒரு பானை மட்டும் இனிப்பில்லாமல் வைத்தேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், எங்கள் புளோக்கும் விலக்கில்லை. இளைஞர்கள் ஆறிய காப்பியில் பாலும் ஐஸும் போட்டுக் குடித்தார்கள்.

மாமியார் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதி, பாதி குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “எல்லாம் சரியா இருக்கும்மா. சுக்கு போட மறந்துட்டியா?”

மெக்சிகோ பெண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சுக்கு என்றால் என்ன என்று கேட்டு, அடுத்த நாளே என்னோடு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு வந்து கால் கிலோ வாங்கிக்கொண்டார். இந்த ஆண்டு காப்பி மட்டும் இரண்டு அண்டா வைக்கிறோம், ஒன்றில் பட்டை, ஒன்றில் சுக்கு.