2012இல் மோர்கன் ரைலியை எடுத்தது சரியான தேர்வா?

நீலக்கோடு கேட்டது:

2012 ஜூன் மாதம் பிட்ஸ்பர்க்கில் நடந்த, வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லின் டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி தனக்கு வாய்த்த 5ஆம் தேர்வில் மோர்கன் ரைலி என்ற 18 வயதுப் பின்கள வீரரை எடுத்தது. முழங்கால் தசைநார் கிழிந்ததால் அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் மூஸ் ஜா வாரியர்ஸ் என்ற கனடிய ஜூனியர் அணிக்காக 18 ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்த ஒருவரை, 2004க்குப் பின் பிளேஓஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுகளின் பக்கமே எட்டிப் பார்க்காத ஓர் அணி நம்பி எடுத்தது துணிச்சலா, அவசரமா? அடுத்த இடத்திலேயே அனஹைம் அணி ஹாம்பஸ் லின்ட்ஹோமை எடுத்துக்கொண்டது. கோல் போடத் தெரிந்த ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க் 11ஆம் இடம்வரை காத்திருந்தார். ரைலி நல்ல வீரர்தான். ஆனால் சொந்த வலைக்கு முன்னால் வந்து நிற்கும் எதிரணி வீரரை அகற்றத் திணறும் ஒருவரை அதிக நேரம் ஆடும் முதல் பின்கள இணையில் ஆடவிட்டே பல ஆண்டுகளைக் கழித்துவிட்டோம் என்பது என் மனக்குறை.

பழைய ரசிகன்:

நண்பரே, ஃபோர்ஸ்பெர்க்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எடுத்த வாஷிங்டனே அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரை நாஷ்வில்லுக்கு அனுப்பிவிட்டு மார்ட்டின் எராட்டையும் மைக்கேல் லாட்டாவையும் வாங்கிக்கொண்டது. முதல் 10 தேர்வுகளில் 8 பேர் பின்கள வீரர்களாக இருந்த விசித்திரமான ஆண்டு அது. நமக்கு ஓர் இடம் முன்னால் ஐலண்டர்ஸ் எடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட் உயரமும் உடற்கட்டும் கொண்டவர். நீங்கள் விரும்பும் வகை வீரர். அவர் என்.எச்.எல்.லில் ஆடியது மொத்தம் 37 ஆட்டங்கள். தங்கள் பட்டியலில் ரைலிதான் முதலிடத்தில் இருந்தார் என்று அப்போதைய லீஃப்ஸ் மேலாளர் பிரையன் பர்க் அன்று சொன்னார். எல்லா மேலாளர்களும் சொல்வதுதான் என்றாலும், அந்த 18 ஆட்டங்களில் 18 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்ந்த கணக்கு) எடுத்த கால்களைப் பார்த்தவர் சொன்னதாக அதை நான் நம்புகிறேன்.

மூன்றாம் இணை:

லின்ட்ஹோமோடு ஒப்பிடுவது நியாயம்தான். ஆனால் இருவரும் வளர்ந்த வழி வேறு. சுவீடனில் இருந்து வந்த லின்ட்ஹோம் 2012-13 பருவத்தை என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.லில் நோர்ஃபோக் அணியில் கழித்து, வளர்ந்த ஆண்களோடு முட்டிமோதிப் பழக முடிந்தது. கனடிய ஜூனியர் லீக்குகளில் இருந்து எடுக்கப்பட்ட 20 வயதுக்குட்பட்டவருக்கு அப்போது அந்த வாசல் திறக்கவில்லை. அவர் என்.எச்.எல்.லில் ஆட வேண்டும், இல்லையேல் ஜூனியருக்கே திரும்ப வேண்டும் என்பதே அன்றைய விதி. ரைலி ஓராண்டு மூஸ் ஜாவுக்குத் திரும்பி, அந்தப் பருவம் முடிந்த பிறகு லீஃப்ஸின் ஏ.எச்.எல். கிளை அணியான மார்லிஸில் சில ஆட்டங்கள் ஆடி, 19 வயதில் நேராக லீஃப்ஸுக்கு வந்தார். தற்காப்பை அவர் உலகின் மிகக் கடினமான லீக்கில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கற்றார்.

அவரிடம் இருப்பதையும் பாருங்கள். பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) வலைக்குப் பின்னால் மூலைக்குப் போகிறது. முதுகுக்குப் பின்னால் ஒருவர் பாய்ந்து வருகிறார். ரைலி ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார், ஒரு பக்கம் போவதாகக் காட்டிவிட்டுச் சறுக்கணியின் உள்விளிம்பில் வளைந்து மறுபக்கம் போகிறார். துரத்தியவர் பலகையில் மோதும்போது பக் நடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறது. இதைப் பயிற்சியில் ஏற்றிவிட முடியாது. 2018-19இல் 20 கோல்களுடன் 72 புள்ளிகள் எடுத்ததும் இந்தக் கால்களால்தான்.

நீலக்கோடு:

ஜூனியர் விதியை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு என் ஒப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும், கால்களால் ஆடும் ஒருவருக்குப் பக்கத்தில் வலைமுன் நின்று காப்பவர் ஒருவர் வேண்டும் அல்லவா? அதே டிராஃப்டில் 35ஆம் தேர்வில் நாம் எடுத்த பின்கள வீரர் என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. எசா லின்டெல் 74ஆம் இடத்திலும், கோல்டன் பரேய்கோ 86ஆம் இடத்திலும், ஜேக்கப் ஸ்லேவின் 120ஆம் இடத்திலும் போனார்கள்.

பழைய ரசிகன்:

அப்படியானால் உங்கள் வழக்கு 5ஆம் தேர்வின் மீது அல்ல, 35ஆம் தேர்வின் மீது. அதில் நானும் உங்கள் பக்கம்தான், பரேய்கோவை மற்ற எல்லா அணிகளும் ஒருமுறையாவது தாண்டிப் போயின என்றாலும்.