நித்யா எந்த நாள் இறங்குகிறாள்?

மலர் சித்தி: நித்யா, செவ்வாய் பகல் 12 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பினால் நியூயார்க் எப்போது? தூரம் சுமார் 15,300 கி.மீ. போட்டிருக்கிறது. மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம். புதன் விடியற்காலை 5 மணி, சரியா? அருண், நீ எழுந்து போய் அழைத்து வந்துவிடுவாயா?

அருண்: அந்நேரம் போனால் நான் மட்டும்தான் நிற்பேன் சித்தி 😄 அவள் செவ்வாய் மாலையே வந்துவிடுவாள்.

நித்யா: டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் சித்தி. சிங்கப்பூர் கடிகாரப்படி புதன் காலை 6.40. கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், அதனால் அங்கே செவ்வாய் மாலை 6.40. நவம்பரில் கடிகாரத்தை மாற்றியபின் என்றால் 13 மணி நேரம் கழிக்கணும்.

மலர் சித்தி: ஏறிய நாளிலேயே இறங்குகிறாளா! அதிருக்கட்டும், என் 17 எப்படி 18.40 ஆச்சு?

பெரியப்பா: வகுத்தது சரிதான் மலர். ஆனால் விமானம் அந்த வழியில் போவதில்லை. 15,300 என்பது உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்த தூரம். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கு, நியூயார்க் 74 பாகை மேற்கு. கூட்டினால் 178, கிட்டத்தட்ட பூமியின் எதிரெதிர்ப் பக்கம். அதனால் நூல் வடதுருவத்தை ஒட்டியே போகும். தட்டை வரைபடத்தில் இது பிடிபடாது, வீட்டில் உருண்டை இருந்தால் வைத்துப் பார்.

அருண்: அப்போ துருவத்துக்கு மேலே பறக்காதா?

பெரியப்பா: இந்தப் பக்கத்திலிருந்து போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழிதான். 30,000 அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று வீசும், சில நாள் மணிக்கு 200 கி.மீ.க்கும் மேல். அது பின்னாலிருந்து தள்ளினால் சுற்றிப் போனாலும் லாபம். அப்புறம், டிக்கெட் நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கி வாயிலுக்கு வருவது எல்லாம் சேர்த்தி. வெறும் தூரத்தை வகுத்தால் இதெல்லாம் எங்கே வரும்?

நித்யா: திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக் பக்கமாக வருவார்கள். போவதும் கிழக்கே, வருவதும் கிழக்கே. பூமியையே ஒரு சுற்று சுற்றிய கணக்கு!

மலர் சித்தி: எனக்குத் தலை சுற்றுகிறது. திரும்பி வருவது எந்த நாள், அதைச் சொல்.

நித்யா: அடுத்த செவ்வாய் இரவு 10 மணிக்குக் கிளம்பி, வியாழன் விடியற்காலை 4.50.

மலர் சித்தி: நடுவில் புதன்?

அருண்: ஆகாயத்திலேயே போய்விடும். நித்யா, விடுப்பில் புதனையும் சேர்த்து எழுது.

நித்யா: எழுதியாச்சு. அருண், 6.40 என்பது விமானம் வந்து நிற்கும் நேரம். குடிவரவு வரிசை, பெட்டி எல்லாம் முடியணும். நீ செவ்வாய் இரவு 8 மணிக்கு வந்தால் போதும்.

அருண்: 👍 செவ்வாய், நியூயார்க் தேதி, 8 மணி. குறித்துக்கொண்டேன்.